நாண் அடித்த கையும் சுவரில் கிடைத்த விடையும்

வில்வித்தை பழகத் தொடங்கிய முதல் வாரம், இடது முன்கையின் உட்புறம் முழுக்க நீலம் பாரித்துவிட்டது. அம்பை விடும்போதெல்லாம் நாண் ‘சளீர்’ என்று அங்கேதான் விழும். முன்கையை நாண் அடியிலிருந்து காக்கும் பட்டையான ஆர்ம்கார்டு கட்டினேன். வலி குறைந்தது, அடி நிற்கவில்லை. அடிக்குப் பயந்து விடும் நேரத்தில் கை தானாக விலகும். அம்பும் எங்கேயோ போகும்.

கோளாறு முழங்கையில்தான். கையை நீட்டினால் முழங்கை மடிப்பு வானத்தைப் பார்த்தது, அந்தச் சதை நாண் போகும் வழியில் துருத்திக்கொண்டு நின்றது. உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி, அதை அசைக்காமல் முழங்கையை மட்டும் வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். முதலில் தோள்தான் கூடவே திரும்பியது, எரிச்சலாக இருந்தது! நாலைந்து நாளில் பிடிபட்டது. மடிப்பு இப்போது செங்குத்தாக நிற்கிறது.

அப்புறம் பிடி. வில்லை இறுக்கிப் பிடிக்காமல், கட்டைவிரலின் அடிச்சதையில் தாங்கவிட்டேன். விரல் முட்டிகள் சுமார் 45 டிகிரி சாய்வில் இருக்கும். நாணை இழுக்க 30 பவுண்டு விசை கேட்கும் வில்லை வைத்துவிட்டு 20 பவுண்டு வில்லுக்கு இறங்கினேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம், வீம்பு விடவில்லை.

ஆர்ம்கார்டு இன்னும் கட்டுகிறேன். நாண் எப்போதாவதுதான் அதைத் தொடுகிறது, அதுவும் களைத்துப்போன கடைசிச் சில அம்புகளில்.