பழைய கடிகாரம் வாங்கப் போகிறீர்களா? முதலில் காது, பிறகு டார்ச், கடைசியில்தான் கண்

கூடத்துச் சுவருக்கு எடுப்பாக ஒரு பழைய பெண்டுலம் கடிகாரம் தேடிப் போகிறவர்கள், பெட்டியின் செதுக்கு வேலையில் மயங்கி வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தபின்தான் அது ஓடாது என்றோ, உள்ளே இருப்பது பேட்டரி மெஷின் என்றோ தெரியவருகிறது. அலங்காரத்துக்குத்தானே என்று விடவும் முடியாது. எந்நேரமும் பத்தேகாலிலேயே நிற்கிற கடிகாரம் ஒரு மாதத்தில் கண்ணை உறுத்தத் தொடங்கிவிடும்.

நூறு வயதைத் தாண்டியதைத்தான் வழக்கமாக ‘ஆன்டிக்’ என்பார்கள். ‘விண்டேஜ்’ என்பது இளகிய சொல். 1950, 60களின் கடிகாரங்களும் அதில் அடங்கும்.

எந்த இடத்துக்கு?

எங்கே வைக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மணிக்கணக்கு அடிக்கும் கடிகாரம் ஒரு நாளைக்கு 156 தடவை அடிக்கும். அரைமணிக்கும் ஒன்று அடித்தால் 180. படுக்கையறைக்கு இது ஆகாது. டயலில் உள்ள சாவித் துளைகளை எண்ணினாலே பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். ஒரு துளை என்றால் நேரம் மட்டும் காட்டும். இரண்டு என்றால் மணியும் அடிக்கும். மூன்று என்றால் கால்மணிக்கொரு முறை மெட்டும் உண்டு. வெண்கல மணியின் ஓசை கூர்மையானது, சுருள் கம்பியின் ஓசை ஆழமாக இழுபடும். இரண்டையும் கேட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

ஆளுயர நெடும்பெட்டிக் கடிகாரத்துக்கு அசையாத தரையும் போதுமான கூரை உயரமும் தேவை. குக்கூ கடிகாரத்தின் சங்கிலிக் குண்டுகள் கீழே இறங்கிக்கொண்டே வருமாதலால், தரையிலிருந்து ஆறடி உயரத்திலாவது மாட்ட வேண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் நான்கு குண்டுகள் சுழலும், ஒரு தடவை சாவி கொடுத்தால் 400 நாள் ஓடும் கடிகாரம் பார்க்க அழகுதான். ஆனால் அது மெல்லிய ஒற்றைக் கம்பியில் தொங்குகிறது. குழந்தைகள் ஓடும் அறையில் வைத்தால் அடிக்கடி நிற்கும்.

எந்த வகையானாலும் நேர்வெயிலும் ஈரச் சுவரும் ஆகாது. மரம் விரிந்து சுருங்க, மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு (வெனீர்) பிளந்துவிடும்.

ஓட விட்டுக் கேளுங்கள்

பெண்டுலத்தை மெல்லத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ‘டிக்… டாக்… டிக்… டாக்’ என்று இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ‘டிக்டாக்… டிக்டாக்’ என்று நொண்டினால் பெட்டி சாய்ந்திருக்கிறது, அல்லது பெண்டுலத்தைத் தள்ளும் கம்பி வளைந்திருக்கிறது. பெட்டியின் ஒரு பக்கம் மடித்த அட்டையை வைத்துப் பாருங்கள். ஓசை சீரானால் கவலையில்லை. பத்து நிமிடமாவது ஓட விடுங்கள். அதற்குள் பெண்டுலத்தின் வீச்சு குறைந்துகொண்டே வந்தால் மெஷினில் கோளாறு.

அடுத்து பெரிய முள்ளை மெதுவாக முன்னோக்கி மட்டும் திருப்புங்கள். ஒவ்வொரு மணியும் அடித்து முடியும் வரை காத்திருங்கள். பின்னோக்கித் திருப்பினால் சில வகைகளில் மணியடிக்கும் பாகங்கள் வளையும். முள் மூன்றில் இருக்க ஐந்து அடித்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். எத்தனை அடி என்பதை ஒரு சக்கரத்தின் வெட்டுகளால் வரிசையாக எண்ணும் பழைய மெஷினில் யாரோ முள்ளை அவசரமாகத் திருப்பியதால் கணக்கு தப்பியிருக்கும், சரிசெய்வது எளிது. அடிக்கத் தொடங்கி நடுவில் திணறி நின்றால்தான் பிரச்சினை.

சாவி கொடுக்கும்போது ஒவ்வொரு பல்லிலும் ‘கிளிக்’ என்று உறுதியாக விழ வேண்டும். சாவி வழுக்கிப் பின்னோக்கிச் சுழன்றால் அந்தக் கடிகாரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். முறுக்கிய ஸ்பிரிங் ஒரேயடியாக அவிழ்ந்தால் சக்கரப் பற்கள் ஒடியும், விரலும் காயப்படும். “சாவி அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள், அதனால்தான் நின்றுவிட்டது” என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். ஸ்பிரிங் முழுதாக இறுகியிருப்பது ஒரு கோளாறே அல்ல. எண்ணெய் பிசினாகி மெஷின் இறுகிப்போனதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

டார்ச் அடித்துப் பாருங்கள்

பின்கதவைத் திறந்து பித்தளைத் தகடுகளைப் பாருங்கள். சக்கர அச்சுகளின் முனை நுழையும் துளைகள் வட்டமாக இருக்க வேண்டும். கறுப்புப் பச்சைக் களிம்பு படிந்து, துளை ஒரு பக்கம் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் அங்கே புதிய புஷ் (துளைக்குள் பொருத்தும் சிறு பித்தளை வளையம்) போட வேண்டிவரும். இது செய்யக்கூடிய வேலைதான், ஆனால் செலவு பிடிக்கும். பேரம் பேசும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மெஷின் முழுக்க எண்ணெய் வடிந்து பளபளத்தால் சந்தேகப்படுங்கள். விற்கும் நாளில் ஓடினால் போதும் என்று ஸ்பிரே அடித்திருக்கலாம்.

மெஷினும் பெட்டியும் பிறவியிலேயே ஜோடிதானா? பின்பலகையில் எதற்கும் பயன்படாத ஆணித் துளைகள் இருக்கின்றனவா, சாவி நுழையும் தண்டு டயல் துளையின் நடுவில் வருகிறதா, பெண்டுலம் பெட்டியில் இடிக்கிறதா என்று பாருங்கள். கூட்டல் குறி வெட்டுள்ள திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டு மெஷினில் அது இருந்தால் பிறகு யாரோ கைவைத்திருக்கிறார்கள். பின்னால் கறுப்பு பிளாஸ்டிக் டப்பா தெரிந்தால் அது பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் மெஷின், முன்னால் உள்ள சாவித் துளைகள் வெறும் வேஷம்.

டயலில் ‘மேட் இன் ஜெர்மனி’ போல ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் இருந்தால், அது பெரும்பாலும் பிரிட்டனின் 1887 சட்டத்துக்கும் அமெரிக்காவின் 1890 சட்டத்துக்கும் பிந்தையது. அந்தச் சட்டங்கள்தான் இறக்குமதிப் பொருள்களில் தயாரித்த நாட்டைக் குறிப்பிட வைத்தன. நாட்டின் பெயர் இல்லை என்பதாலேயே அது பழையது என்று ஆகிவிடாது. ரோமன் எண்ணில் நான்கை நான்கு கோடுகளாகப் போட்டிருப்பதைப் பார்த்துப் போலி என்று நினைக்கவும் வேண்டாம், கடிகாரங்களில் அதுதான் மரபு.

மரத்தில் குண்டூசித் தலை அளவில் துளைகள் இருந்தால் பெட்டியைத் தட்டிப் பாருங்கள். மாவு போலப் புதிய தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. மற்ற மரச்சாமான்களுக்கும் பரவும்.

இரண்டு எச்சரிக்கைகள். இருட்டில் ஒளிர்வதற்காக முள்ளிலும் எண்களிலும் வண்ணம் பூசிய பழைய அலாரம் கடிகாரங்களில் ரேடியம் இருக்கலாம். ஒளி போய்விட்டாலும் கதிரியக்கம் போகாது, கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டாதீர்கள். பெண்டுலத்தில் கண்ணாடிக் குழாய்களுக்குள் வெள்ளி நிறத் திரவம் இருந்தால் அது பாதரசம். கவிழ்க்காமல் நிமிர்த்தியே எடுத்துச் செல்ல வேண்டும்.

டயலைப் பாலிஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது. வெள்ளிப் பூச்சும் எழுத்துகளும் துணியோடு வந்துவிடும். மங்கலான அசல் டயலே, புதிதாகத் தீட்டிய டயலைவிட மதிப்பு உள்ளது.

வீட்டில் மாட்டும்போது

கொண்டுவரும்போது பெண்டுலத்தையும் குண்டுகளையும் தனியாகக் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே தூக்கினால் பெண்டுலம் தொங்கும் மெல்லிய எஃகுப் பட்டை மடிந்துவிடும். வாங்கிய கடிகாரம் வீட்டில் ஓடாமல் போக இதுவே அடிக்கடி காரணம்.

சுவரில் மாட்டியதும் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஓசையைக் கேட்டு நேராக்குங்கள். அந்த நிலையில் சுவரில் மெல்லிய பென்சில் கோடு போட்டுக்கொண்டால், தூசி தட்டும்போது நகர்ந்தாலும் திரும்ப வைத்துவிடலாம். நெடும்பெட்டிக் கடிகாரத்தைப் பின்பலகை வழியாகச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்க வேண்டும். இல்லையென்றால் ஐந்தாம் ஆறாம் நாளில் காரணமில்லாமல் நிற்கும். இறங்கிவரும் குண்டுகள் பெண்டுலத்தின் மட்டத்துக்கு வரும்போது பெட்டியின் ஆட்டத்தால் அவையும் ஆடத் தொடங்கி, பெண்டுலத்தின் விசையைத் தின்றுவிடும்.

ஒரு தடவை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் கடிகாரத்துக்கு வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில் சாவி கொடுங்கள். நேரம் முந்தினால் பெண்டுலக் குண்டின் அடியில் உள்ள மரையைத் திருகிக் குண்டை இறக்குங்கள், பிந்தினால் ஏற்றுங்கள். சுமார் 99 செ.மீ. நீளமுள்ள, வினாடிக்கு ஒரு வீச்சு போகும் பெண்டுலத்தில் 1 மி.மீ. மாற்றினால் நாளுக்கு ஏறக்குறைய 43 வினாடி மாறும். 25 செ.மீ. பெண்டுலத்தில் அதே 1 மி.மீ. கிட்டத்தட்ட மூன்று நிமிடம். அதனால் சின்ன கடிகாரத்தில் மரையை அரைச் சுற்றுக்கு மேல் திருகாமல், ஒரு முழு நாள் விட்டுப் பார்த்துவிட்டு அடுத்த அரைச் சுற்றுக்குப் போங்கள்.