கம்ப்ரசர் காற்றில் தண்ணீர்: முதலில் ஆறவிடுங்கள், பிறகு வடியுங்கள்

ஸ்ப்ரே கன்னில் தண்ணீர் தெறித்தால் பலரும் ஒரு ஃபில்டர் வாங்கி டேங்க் அவுட்லெட்டிலேயே மாட்டிவிடுகிறார்கள். அது ஏறக்குறைய வீண் செலவு. காற்றைச் சுழற்றி நீரை ஓரம் தள்ளும் அந்தக் கிண்ண ஃபில்டர், ஏற்கெனவே துளியாகிவிட்டதை மட்டுமே பிடிக்கும். ஆவியாக இருப்பது அதைத் தாண்டிப் போய், குளிர்ந்த பைப்பிலும் ஹோஸிலும் துளியாகும். ஆகவே காற்று முதலில் ஆற வேண்டும், பிறகு துளிகளை வடிக்க வேண்டும், தேவையிருந்தால் மட்டும் கடைசியில் உலர்த்த வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் சேரும்? சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் சாதாரணம். அந்தக் காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அதை 8 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தத்துக்கு அமுக்கி, மீண்டும் 30 டிகிரிக்கு ஆறவிட்டால் மூன்றரை கிராம்தான் ஆவியாக நிற்கும். மீதி 20 கிராமும் தண்ணீர். நிமிடத்துக்கு 150 லிட்டர் காற்று தரும் 2 எச்பி மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் 180 மில்லி, அதாவது ஒரு டம்ளர். காற்றில் ஈரம் ஏறினால் இன்னும் கூடும்.

டேங்க் வடிகால்

டேங்கின் அடியில் கை நுழையாத இடத்தில் ட்ரெய்ன் (நீர் வடிக்கும் திருகு) இருப்பதால்தான் யாரும் அதைத் திறப்பதில்லை. மின் பிளக்கைப் பிடுங்கி, அழுத்தம் முழுவதையும் இறக்கிவிட்டு அந்த ட்ரெய்னைக் கழற்றுங்கள். அந்த இடத்தில் ஒரு எல்போ (வளைவு), வெளியே வரும் நீளத்துக்கு ஒரு நிப்பிள் (இருமுனையிலும் மரையுள்ள குழாய்), முனையில் கைப்பிடியைத் திருப்பித் திறக்கும் ஒரு பால் வால்வு (ball valve) மாட்டுங்கள். பழைய ட்ரெய்னைக் கடைக்கு எடுத்துப் போனால் மரை அளவு சரியாக அமையும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றுங்கள். நிப்பிள் எங்கும் மேல்நோக்கி ஏறக்கூடாது.

வேலை முடிந்ததும் ஒருமுறை, மறுநாள் மெஷின் போடும் முன் ஒருமுறை வடியுங்கள். இரவில் டேங்க் ஆறும்போது மேலும் தண்ணீர் இறங்கியிருக்கும். 1 அல்லது 2 கிலோ அழுத்தம் இருக்கும்போது மெதுவாகத் திறந்தால் போதும். முழு அழுத்தத்தில் படாரென்று திறந்தால் துருவும் எண்ணெயும் முகத்தில் அடிக்கும். பால்போல வந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது, அதைக் கிணற்றுப் பக்கமோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். செம்பழுப்பாக வந்தால் உள்ளே துரு பிடித்திருக்கிறது. ஊசித் துளை விழுந்த டேங்கை வெல்டிங் வைத்து ஒட்ட நினைக்கவே வேண்டாம். அந்த டேங்கின் ஆயுள் முடிந்தது.

ஆறவைப்பது

அதிகப் பலன் தருவது, காற்றை அமுக்கும் ஹெட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் வைக்கும் செம்புச் சுருள். காற்று டேங்குக்குள் நுழையும் முன்பே ஆறுவதால் பெரும்பகுதித் தண்ணீர் டேங்கிலேயே தங்கிவிடும். ஃப்ளைவீல் காற்று படும் இடத்தில் சுருளை வையுங்கள், அது டேங்கை நோக்கி இறங்கிக்கொண்டே வரட்டும். அதிர்வில் செம்பு விரிசல் விடும், கிளாம்ப் அவசியம். இந்தப் பாதையில் எந்த வால்வும் போடக்கூடாது: மூடிய நிலையில் மெஷின் ஓடினால் அழுத்தம் போக வழியில்லை. டேங்க் வாயிலில் காற்று திரும்பாமல் தடுக்கும் செக் வால்வையும் அதிலிருந்து பிரஷர் ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய குழாயையும் இடம் மாற்றாதீர்கள்.

டேங்குக்குப் பிறகு, ஒரு சிறு ஹோஸ் வழியாகச் சுவர் லைனுக்குப் போங்கள், அதிர்வு பைப்புக்கு ஏறாது. லைன் 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிந்து, கடைசியில் செங்குத்தாக இறங்கி ஒரு பால் வால்வில் முடிய வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் மெயின் பைப்பின் மேற்பக்கத்திலிருந்து வளைத்து இறக்குங்கள். அடியிலிருந்து எடுத்தால் ஓடிவரும் நீர் நேராக உங்கள் ஹோஸுக்குத்தான் வரும். செம்பு, அலுமினியம் இரண்டும் நல்லவை. ஜிஐ பைப் நாளடைவில் துருவைத் தள்ளும். கைவசம் இருக்கிறதே என்று பிவிசியைப் போடாதீர்கள்: அழுத்தக் காற்றில் உடைந்தால் சில்லுகளாகச் சிதறி ஆளைக் குத்தும்.

ஃபில்டர், ரெகுலேட்டர், சிலிக்கா ஜெல்

ஃபில்டரின் இடம் லைனின் கடைசியில், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டருக்கு முன்னால். ஈரம் நிறைந்த காற்று 8 கிலோவிலிருந்து 3 கிலோவுக்கு விரியும்போது, வெப்பநிலை மாறாவிட்டால், அதன் ஈரப்பதம் 100 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 45க்கு இறங்கும். செலவில்லாமல் கிடைக்கும் உலர்த்தல் இது. கரண்ட் மிச்சம் என்று டேங்கையே 3 கிலோவில் நிறுத்தி வைத்தால் இதை இழக்கிறீர்கள். பாலிகார்பனேட் கிண்ணம் தின்னர் ஆவியில் விரிசல் விடும், பெயிண்ட் அடிக்கும் இடத்தில் உலோகக் கிண்ணமே சரி.

ஈரம் உறிஞ்சும் மணிகளான சிலிக்கா ஜெல் தேவைப்படுவது பெயிண்ட், சாண்ட் பிளாஸ்டிங், பிளாஸ்மா கட்டிங்குக்கு மட்டும்தான். டயருக்குக் காற்று பிடிக்க அது வேண்டாம். 1 கிலோ ஜெல் சுமார் 200 கிராம் நீரை உறிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரிக்கு ஆறி வடிந்த காற்று மேலே சொன்ன மெஷினில் மணிக்கு 30 கிராம் ஆவியைத்தான் கொண்டுவரும். ஆறேழு மணி நேரம் தாங்கும். அதே காற்று 50 டிகிரியில் வந்தால் ஆவி இரண்டரை மடங்குக்கு மேல், இரண்டரை மணி நேரத்துக்குள் ஜெல் தீர்ந்துவிடும். துளித் தண்ணீர் பட்டால் மணிகள் வெடித்துப் பொடியாகும், அதனால் அதன் பின்னே ஒரு 5 மைக்ரான் ஃபில்டர் தேவை. நீல ஜெல் ஈரத்தில் இளஞ்சிவப்பாகும். 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மீளும். அதில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையலறை அவனில் வைக்காதீர்கள்.

எல்லாம் செய்தும் தண்ணீர் வருகிறதா? வேலை நடக்கும்போது ஃபில்டருக்கு முந்தைய பைப்பைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் காற்று ஆறவில்லை. பைப் நீளம் போதவில்லை, அல்லது கசிவால் மெஷின் ஓய்வின்றி ஓடுகிறது. சோப்பு நீர் தடவிக் கசிவைத் தேடுங்கள். இம்பாக்ட் ரெஞ்சின் எக்ஸாஸ்டில் மட்டும் வெண்புகை தெரிந்தால் லைனைக் கழற்ற வேண்டாம். விரியும் காற்று குளிர்வதால் வருவது அது.