புது ஊரில் சிடி ஸ்கேன் டியூட்டியா? முதலில் ஆட்டோ வாய்ஸைக் கேளுங்கள்

வாளையார் தாண்டி பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை பக்கம் லீவில் போனவருக்குப் பதிலாக டியூட்டிக்குப் போகும் சிடி டெக்னாலஜிஸ்ட்கள், முதல் நோயாளி வருவதற்குள் மெஷினின் ஆட்டோ வாய்ஸ் (நோயாளியிடம் மூச்சை இழுக்கவும் பிடிக்கவும் சொல்லும் பதிவுக் குரல்) எந்த மொழியில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் இங்கிலீஷ்தான் ஓடும். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஊரில் வயதானவர்களுக்கு அது புரியாது. மூச்சை அடக்க வேண்டிய நேரத்தில் இழுத்துவிடுவார்கள். நுரையீரலின் அடிப்பகுதியும் ஈரலும் அசைந்து படம் கலங்கிவிடும். திரும்ப எடுத்தால் அவருக்குத்தானே கூடுதல் கதிர்வீச்சு?

பெரும்பாலான மெஷின்களில் நம் குரலையே பதியலாம். தமிழில் நீங்கள் பேசுங்கள். மலையாளத்துக்கு அங்குள்ள சிஸ்டரைப் பேசச் சொல்லுங்கள். "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க" என்று நிதானமாக. பேசி முடித்ததும் ஸ்கேன் தொடங்க இரண்டு மூன்று நொடி இடைவெளி வையுங்கள். அப்புறம், டேபிளில் படுக்க வைத்ததுமே ஒரு ஒத்திகை. வயிறு ஏறி அப்படியே நிற்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். காது மந்தமானவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் போடும் மருந்து) போடும் முன் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), அலர்ஜி, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை மூன்றையும் நீங்களே கேளுங்கள். முந்தைய ஷிஃப்டில் கேட்டிருப்பார்கள் என்று விட வேண்டாம்.