கறுப்பு வண்டியில் வெள்ளைப் புள்ளிகள்

கறுப்பு, கருநீல வண்டிகளைக் கழுவிய பிறகு தெரியும் வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் அழுக்கு அல்ல. உப்புத் தண்ணீர் ஆவியானபின் தங்கிவிட்ட கால்சியமும் மெக்னீசியமும்தான். அடர்நிறம் வெயிலை அதிகம் உறிஞ்சுவதால் துடைப்பதற்கு முன்பே தண்ணீர் காய்ந்துவிடுகிறது.

ஆகவே நிழலில், பானெட் கைக்குச் சூடில்லாதபோது கழுவுங்கள். சோப்பு நுரையைக் காயவிடாமல், மேற்கூரையில் தொடங்கிப் பகுதி பகுதியாக அலசுங்கள். கடைசி அலசலுக்குக் குழாய் முனையிலுள்ள தெளிப்பானைக் கழற்றிவிட்டுத் தண்ணீரை மெதுவாக வழியவிட்டால், பெரும்பகுதி தானாகவே இறங்கிவிடும். அந்த ஒரு அலசலுக்காவது ஆர்.ஓ. தண்ணீர் கிடைத்தால் நல்லது. பிறகு காற்றில் காயவிடாமல் மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றி எடுங்கள். பழைய பனியன் துணி வேண்டாம். கறுப்பில் கீறல்தான் மிஞ்சும். பக்கக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி இடுக்குகளில் ஒளிந்திருக்கும் தண்ணீர் சற்று நேரம் கழித்துச் சொட்டும், அதையும் கவனியுங்கள்.

ஏற்கெனவே படிந்த கறைக்கு, வெள்ளை வினிகரையும் காய்ச்சி வடித்த நீரையும் சம அளவில் கலந்து, முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பாருங்கள். நனைத்த துணியைக் கறைமீது ஓரிரு நிமிடம் வைத்து, காயுமுன் நன்றாக அலசுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். வினிகர் மெழுகுப் பூச்சையும் பலவீனப்படுத்தும் என்பதால் அந்த இடத்தில் மறுபடி மெழுகு பூச வேண்டும். அப்படியும் போகாமல் குழிபோலத் தெரிந்தால் உப்பு பெயின்ட்டையே அரித்திருக்கிறது. அதற்குப் பாலிஷ்தான் வழி.