‘யாரென்று சொல் பார்ப்போம்’ என்று கேட்காதீர்கள்

பல வருடம் கழித்து ஒருவரைப் பார்க்கிறோம். சந்தோஷத்தில் வாயில் முதலில் வருவது, “நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்!” எதிரில் நிற்பவர் அசடு வழிகிறார். விட்டுப்போன பழக்கத்தைப் புதுப்பிக்கும்போது நாம் செய்கிற தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அவர் உங்களை மறந்துவிட்டார் என்று அர்த்தமில்லை. உளவியலாளர் ஹாரி பாரிக்கும் அவருடைய குழுவினரும் 392 பேரிடம் பள்ளித் தோழர்களைப் பற்றிச் சோதித்து, 1975-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பல படங்களுக்கு நடுவே தோழரின் முகத்தைக் கண்டுபிடிப்பது பல பத்தாண்டுகள் கழித்தும் பெரும்பாலோருக்கு முடிந்தது. பெயரைத் தாங்களாகவே சொல்லச் சொன்னபோதுதான் திணறினார்கள். அதனால் பரீட்சை வைக்காமல் நீங்களே எடுத்துக்கொடுங்கள்: பெயர், எந்த வகுப்பு, யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். மீதி தானாக வந்துவிடும்.

அடுத்தது, வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போடுவது. இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது என்ன முகத்தோடு கூப்பிடுவது? 2022-இல் வந்த ஓர் ஆய்வு, நம் அழைப்பை எதிராளி எவ்வளவு ரசிப்பார் என்பதை நாம் குறைத்தே எடைபோடுகிறோம் என்கிறது. எதிர்பாராத அழைப்பு என்றால் இன்னும் அதிகமாகவே ரசிக்கிறார்களாம். ஆனால் அரைப் பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். பாவம், அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். முதல் செய்தியிலேயே உதவி கேட்பது அதைவிட மோசம்.

அப்புறம், பழைய ஆளையே தேடுவது. அவர் பிள்ளைகள் முன்னால் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது, “வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?” என்று விசாரிப்பது. நடுவில் என்னென்னவோ நடந்திருக்கும். “இப்போ எப்படிப் போகுது?” என்று கேட்டால் போதும், சொல்ல விரும்புவதை அவரே சொல்வார்.

கற்ற வித்தைக்குத் திரும்புவதிலும் இப்படித்தான். ஒருமுறை கற்றதை மறுபடி கற்க நேரம் குறைவாகவே ஆகும் என்று ஜெர்மன் உளவியலாளர் எப்பிங்ஹவுஸ் 1885-லேயே காட்டிவிட்டார். அதை நம்பி, விட்ட இடத்திலிருந்தே தொடங்கினால்தான் வம்பு. வருடக்கணக்கில் தொடாத கிட்டாரை நான் ஒருநாள் எடுத்தேன். கை தானாகச் சரியான இடத்துக்குப் போனது. ஆனால் விரல் நுனியில் காய்த்திருந்த தோல் எப்போதோ போயிருந்தது. ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு, வலியில் ஒரு வாரம் அதைத் தொடவே இல்லை. பத்து நிமிடத்தில் கீழே வைத்திருந்தால் மறுநாளும் எடுத்திருப்பேன்.