வெளிநாட்டில் இருந்தபடியே மத்திய அரசு பென்ஷன் வாங்குவது எப்படி?

மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வெளிநாடு போனால் பென்ஷன் நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஊர் மாறியதால் பென்ஷன் நிற்பதில்லை. உயிரோடு இருப்பதற்கான சான்றான லைஃப் சர்டிபிகேட் போய்ச் சேராததால்தான் நிற்கிறது. பாதி வேலையை விமானம் ஏறும் முன்பே முடித்துவிடலாம்.

கிளம்பும் முன்

சில மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வங்கிக் கணக்கில் கை வைக்கத் தேவையில்லை. அங்கேயே தங்கப் போகிறவர்கள் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதி அது. மாற்றும்போது கணக்கு எண் மாறுகிறதா என்று கேளுங்கள். மாறினால் பென்ஷன் பிரிவுக்கும் எழுதிக் கொடுங்கள்.

ஆதாரிலும் வங்கியிலும் உள்ள இந்திய செல்போன் எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரீசார்ஜ் செய்து, ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஓடிபி வராமல் திண்டாடுவதுதான் பெரிய தலைவலி. பி.பி.ஓ. எனப்படும் பென்ஷன் ஆணைப் புத்தகத்தை போட்டோ எடுத்து வையுங்கள்.

நவம்பரில்

லைஃப் சர்டிபிகேட் கொடுக்கும் மாதம் நவம்பர். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். தமிழக அரசு பென்ஷன்தாரர்களுக்கு விதி வேறு: ஆண்டுதோறும் அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில்தான் இதற்கான நேர்காணல்.

ஆதார் இருந்தால் செல்போனே போதும். ஆண்ட்ராய்டு போனில் 'ஆதார் ஃபேஸ் ஆர்டி', 'ஜீவன் பிரமாண்' இரண்டு செயலிகளும் வேண்டும். முதலில் ஆபரேட்டர், அதாவது செயலியை இயக்குபவர், யார் என்று பதிவு கேட்கும். பென்ஷன்தாரரே ஆபரேட்டராக இருக்கலாம். பிறகு பி.பி.ஓ. எண், கணக்கு எண், பென்ஷன் தரும் வங்கி ஆகியவற்றை நிரப்புங்கள். அவசரத்தில் வங்கியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் சான்று வேறெங்கோ போய்விடும். முகம் காட்டும்போது ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் வெளிச்சத்தைப் பார்த்து உட்காருங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரையில் சொல்லும்போது கண்ணை மூடித் திறங்கள்.

சான்றின் எண்ணான 'பிரமாண் ஐடி' வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சான்று உருவானது என்பதுதான் அதற்கு அர்த்தம். வங்கி அதை நிராகரிக்கவும் கூடும். ஏற்றுக்கொண்டார்களா என்று சில நாள் கழித்துப் பாருங்கள்.

மறுமணம் செய்தவர்களும் மறுபடி வேலைக்குச் சேர்ந்தவர்களும் டிஜிட்டல் முறையில் கொடுக்க முடியாது. அவர்களுக்கும், ஆதார் இல்லாதவர்களுக்கும் காகிதம்தான். படிவத்தில் இந்தியத் தூதரக அதிகாரி, நோட்டரி, மாஜிஸ்திரேட், வங்கி அதிகாரி ஆகியோரில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வங்கிக்கு அனுப்பலாம். தூதரகம் எட்டாத ஊரில் இருப்பவர்களுக்கு நோட்டரிதான் வசதி.

தவறவிட்டால்? பென்ஷன் நிறுத்தி வைக்கப்படும். சான்று போய்ச் சேர்ந்ததும் நிலுவையோடு திரும்ப வரும். ஆனால் பல வருடம் விட்டுவிட்டால் வங்கியோடு முடியாது, மேலிட அனுமதி வரை இழுக்கும்.

பணமும் வரியும்

என்.ஆர்.ஓ. கணக்கில் விழும் பென்ஷனை, வரி கட்டிய பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொள்ளலாம். வங்கி அதற்கு வருமான வரி தொடர்பான உறுதிமொழிப் படிவம் கேட்கும். ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளும் வரி போடாமல் தடுக்கும் இரட்டை வரி ஒப்பந்தங்கள் பெரும்பாலானவற்றில் அரசுப் பணி பென்ஷனுக்கு வரி போடும் உரிமை இந்தியாவுக்குத்தான். அங்கேயே வசித்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டால் இது தலைகீழாக மாறலாம். அந்த எண்ணம் இருப்பவர்கள் விண்ணப்பம் போடும் முன்பே ஒரு ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.