படித்த நாவலைப் பற்றிக் கருத்துச் சொல்வது எப்படி?

நாவலை முடித்த கையோடு எழுத உட்காராமல், ஒரு நாள் கழித்து, புத்தகத்தைத் திறக்காமலேயே மனத்தில் எஞ்சியிருக்கும் இரண்டு மூன்று காட்சிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியது பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும்.

கதைச் சுருக்கம் நான்கு வரிகளைத் தாண்ட வேண்டாம். முடிவைப் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால், இன்னும் படிக்காதவர்களை முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்.

'அருமை', 'சுமார்' என்று சொல்லி நின்றுவிடுவதுதான் நம்மில் பலர் செய்யும் பிழை. 'நடை தொய்வாக இருக்கிறது' என்று எழுதத் தோன்றினால், எந்த அத்தியாயத்தில் பக்கங்களை வேகமாகப் புரட்டத் தொடங்கினீர்கள் என்று தேடிப் பாருங்கள். அங்கே ஒரு பாத்திரம், நமக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியை இன்னொருவரிடம் மூன்று பக்கங்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கலாம். அல்லது, அதுவரை மகளின் பார்வையில் சென்ற கதை திடீரெனத் தந்தையின் மனத்துக்குள் புகுந்து, நாம் ஊகித்து மகிழ்ந்த மௌனத்தையெல்லாம் சொல்லித் தீர்த்திருக்கலாம். அந்த இடத்தைச் சுட்டி ஓரிரு வரிகளை மேற்கோளாகத் தந்தால், உங்களோடு உடன்படாதவருக்கும் பேச ஒரு பிடி கிடைக்கும்.

கதைசொல்லியின் குரலை ஆசிரியரின் கருத்தாகக் கொள்ளாதீர்கள். கொடியவன் ஒருவனைத் தன் கதையைத் தானே சொல்லவைப்பவர் கொடுமையை ஆதரிக்கிறார் என்று பொருளில்லை.

மொழிபெயர்ப்பு நாவலென்றால் மொழிபெயர்ப்பாளரின் பெயரைத் தவறாமல் குறிப்பிடுங்கள், ஏனெனில் நாம் பாராட்டும் நடையில் அவருடைய உழைப்பும் இருக்கிறது. 300 பக்க நாவலை 80ஆம் பக்கத்தில் மூடிவைத்திருந்தால், அதையும் மறைக்காமல் காரணத்தோடு எழுதுங்கள்.